சொல்லிக்கொண்டு போனவன்

சொன்னது ஒரு சொல்தான். அதையும் அவனாகச் சொல்லவில்லை, நாக்கு சொன்னது. ஆனால் நாக்கைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, அது யாரோ நான் யாரோ என்று இருந்துவிட முடியுமா என்ன என்று கொம்பையா நினைத்துக்கொண்டிருந்தபோதே, ரயில்வே கேட்டின் கம்பி மணியடித்துக்கொண்டு இறங்கி வேனின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. இன்ஜினை அணைத்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி வேன். காலி என்று பேர்தானே தவிர, எண்ணெய் வைத்த தலைகளின் வாசமும், யாரோ சிந்திய தக்காளிச் சாதத்தின் புளிப்பும், அறுந்த ரிப்பன் ஒன்றும், கண்ணாடியில் வாயால் ஊதி விரலால் வரைந்த பூனை மூஞ்சியும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தன. வீட்டுக்குப் போக இந்த ரயில்வே கேட் வழி பெரிய சுற்று. நந்தவனத் தெரு வழியாகப் போனால் பாதி நேரம்கூட ஆகாது. ஏன் மாமா தினமும் ஊரைச் சுத்துறீங்க என்று பிள்ளைகளே கேட்டுவிட்டார்கள். அந்தத் தெருவுல ரோடு சரியில்ல என்றான். ரோட்டுக்கு என்ன கேடு, வழித்துவிட்ட மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்கு ஒரு வாசல் கேட் இருக்கிறது, அந்தக் கேட்டில் நின்றுதான் அவன் அந்தச் சொல்லைச் சொன்னான்.

துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்குப் போனால் திரும்பும்போது ஒன்றும் சொல்லக் கூடாது. இது இந்தப் பக்கம் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். வருகிறவர்களை அங்கே யாரும் வாங்க என்று கேட்பதில்லை, போகிறவர்களும் வாரேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடையைக் கட்ட வேண்டும். வாரேன் என்று சொன்னால் இதே காரியத்துக்கு இன்னொரு தரம் வருகிறேன் என்று ஆகிவிடுமாம். வந்த வேலை முடிந்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறவன் இருக்கிறானே, அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அட, நானும் உன் கூடவே வாரேன் என்று கிளம்பிவிடுவானாம். கொம்பையாவுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். நாக்குக்குத்தான் தெரியவில்லை. அந்தக் கேட்டில் நின்று காலைதோறும் அதே சொல்லைச் சொல்லிப் பழகிய நாக்கு அது. சண்முகக்கனியக்கா மகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். மகள் பேர் சுபிக்ஷா, ஒண்ணாம் வகுப்பு, எல்லாருக்கும் சுபி. கேட்டுக்குத் தாழ்ப்பாளாக இரண்டு கொண்டி. மேலே ஒன்று, பெரியவர்களுக்கு. முழங்கால் உயரத்தில் ஒன்று, சுபிக்கு. அவள் அப்பா பொன்ராஜ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், மகளுக்கென்றே அந்தக் கீழ்க்கொண்டியை வைத்து ஒட்டினார். நடுவில் கம்பியை வளைத்துச் சூரியன் ஒன்றும் போட்டிருந்தார். அது வட்டமாக வராமல் கத்திரிக்காய் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். சுபி தன் கொண்டியைத் தானே திறப்பாள், தானே குனிந்து சாத்துவாள், பிறகுதான் வேனில் ஏறுவாள். பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இவன், வாரேன்க்கா என்பான். சரி தம்பி, பாத்து என்பாள் அக்கா. மழை பெய்தாலும் வாரேன்க்கா, பரீட்சை என்றாலும் வாரேன்க்கா. அப்படிக் கைப்பிடி மாதிரி தேய்ந்துபோன சொல். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்த பிள்ளை வாரம் திரும்புவதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றி வந்துவிட்டது. மத்தியானமே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். பெண்டாட்டி மாசமாக இருக்கிறவன் மயானத்துக்கு வரக் கூடாது என்று இவனைத் தெருவோடு நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்த ஆட்கள் ஒவ்வொருத்தராகச் சொல்லாமல் கிளம்பினார்கள். இவனும் கிளம்பினான். கை மேல்கொண்டியைத் தள்ளியது, கால் வெளியே வைத்தது, வாய், வாரேன்க்கா என்றது. கணீரென்று. அத்தனை அழுகைக்கு ஊடேயும் அது எல்லாருக்கும் கேட்டது. "ஏய், எங்க நின்னு என்ன சொல்லுத, கூறுகெட்டவனே" என்று ஒரு பெரிய மனுசர் பல்லைக் கடித்தார். அதுகூடப் போகட்டும். காலையிலிருந்து தரையைத் தவிர எதையும் பாராமல் சுவரில் சாய்ந்து கிடந்த அக்கா, தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது? வசவா? அட பாவி, நீயுமா என்பதா? இல்லை, பழக்கத்தில் சரி தம்பி, பாத்து என்று சொல்ல வாயெடுத்தாளா? உதடு அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா? அசையவில்லையா? இதை அவன் எத்தனையோ தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டான். பார்க்கப் பார்க்க அந்த உதடு அழிந்துகொண்டு வந்ததே தவிரத் துலங்கவில்லை.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின்மேல் வைத்துக்கொண்டார். அன்றைக்கு இவன் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே சேதி அத்தைக்குப் போய்விட்டது. மகள் பிரசவத்துக்கென்று வந்து தங்கியிருக்கிற மாமியார், ஒரு குடம் தண்ணீரோடு மருமகனை வெளியிலேயே மறித்தாள். "அந்த வீட்டுல நின்னு என்னத்தச் சொல்லிட்டு வந்திய?" "வாய் தவறிட்டு அத்தை." "தவறுற வாயி ஒரு ஜவுளிக்கடையில நின்னு தவறக் கூடாதா? அங்க போயா தவறணும்?" குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து செண்பகம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தவள், "ஏம்மா, எங்கிட்டயும்தான் தெனமும் சீக்கிரம் வாரேன்னு சொல்லிட்டுப் போறாரு. எங்க வாராரு? இவரு சொல்ல நானே நம்புறதில்ல, எமன் நம்பிருவானாக்கும்" என்றாள். நனைந்த தலையோடு அவனும் சிரித்தான். சிரித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். தீரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், பிள்ளை அசையலியே என்று செண்பகம் சொன்னாள். சும்மா சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவனுக்குக் காது அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா வயிற்றில் கருவியை வைத்து, டுப் டுப் டுப் என்று குதிரை ஓடுகிற சத்தத்தைக் கேட்க வைத்து, "பிள்ளை தூங்கிட்டு இருக்கு, நீங்களும் போய்த் தூங்குங்க" என்று அனுப்பினாள். ஆனால் அந்த மத்தியானம் காதை அடைத்த அடைப்பு முழுக்கத் திறக்கவில்லை. அதற்குள்ளே ஒரு சொல் சுற்றிக்கொண்டே இருந்தது. வாரேன், வாரேன், வாரேன். சொன்னவன் போகாவிட்டால் என்ன ஆகும்? போனால் என்ன ஆகும்? அன்று முதல் நந்தவனத் தெரு அவனுக்கு இல்லாத தெருவாகிவிட்டது. தெரு முக்கில் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிள்ளையை ஏற்றியாக வேண்டும், ஏற்றுவான். ஏற்றிய உடனே ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பிவிடுவான். கண்பட்டை போட்ட குதிரை மாதிரி, கண் அந்தப் பக்கம் போகாது.

போகாதவன் அவன் மட்டும்தானா, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா. இவன் அப்பா செத்தபோது பதினாறு நாளும் வீட்டில் ஆள் குறையவில்லை. ஒரு வீட்டிலிருந்து சோறு வரும், இன்னொரு வீட்டிலிருந்து குழம்பு வரும். சண்டைக்காரச் சித்தப்பாகூட வந்து, பந்தலுக்கு எவன்டா இந்தக் கம்பை ஊன்றினது என்று சண்டை பிடித்து, அதே கம்பில் சாய்ந்து அழுதார். பதினாறாம் நாள் அம்மாவுக்குப் புதுச்சேலை, இவனுக்குத் தலைப்பாக்கட்டு, எல்லாருக்கும் சாப்பாடு. அழுகிற வீட்டை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் போயிற்று. சின்னப் பிள்ளைக்கு அது ஒன்றும் கிடையாது. பதினாறு கிடையாது, பந்தல் கிடையாது, சீர் கிடையாது. மறுநாள் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தால் முடிந்தது. மண்ணு மூடியாச்சு, ஆக வேண்டியதப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வயசா போச்சு, அடுத்தது பொறக்கும் என்றும் ஒருத்தி சொன்னாளாம். சொல்லாமல் போனவர்கள் சொல்லாமலே போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? எதற்கென்று வருவார்கள்? இன்ன நாளில் வா என்று ஊர் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தால் வந்திருப்பார்கள். அந்த வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் அழுவதற்கென்று ஒரு நாள் இல்லை. அதனால் எல்லா நாளும் அதுவாகவே இருக்கும். இருக்குமா? பொன்ராஜ் பட்டறையைத் திறக்கவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள். பூட்டின பூட்டு பூட்டினபடி இருக்கிறதாம். இரும்பு அடிக்கிற சத்தமில்லாமல் பஜாரே ஒரு மாதிரி இருக்குப்பா என்று டீ மாஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

தண்டவாளம் முணுமுணுக்க ஆரம்பித்தது. ரயில் இன்னும் தெரியவில்லை. தெரிவதற்கு முந்தியே தண்டவாளத்துக்குத் தெரிந்துவிடும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது சுபிதான். அவளுக்கு வேனில் ஸீட் கிடையாது. அதாவது இருந்தது, ஆனால் அதில் உட்கார மாட்டாள். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் மெத்தை தைத்துப் போட்டிருக்கிறதே, அதுதான் சிம்மாசனம். சூடு குண்டியைப் பொசுக்கிரும்ட்டீ என்றால், குளிருக்கு நல்லது மாமா என்பாள், சித்திரை மாசத்தில். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் ஏறின பிறகு தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, ரைட் என்பாள். அவள் ரைட் சொல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. ஒருநாள் கோபத்தில் சொல்லவே மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டாள், வேன் பூராவும் சேர்ந்து அவளைக் கெஞ்சிற்று. இப்போதும் நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏறிய பிறகு கொம்பையாவின் கால் கிளட்சை மிதித்துக்கொண்டு சும்மா நிற்கும். எதற்கு நிற்கிறது என்று காலுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும், எல்லாரும் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். அவள் இருந்த நாளில், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றப் போகும்போது சிலநேரம் இந்த ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வதுண்டு. அப்போதெல்லாம் சுபி எழுந்து நின்று அறிவிப்பாள். இந்தக் கேட்டு எங்கப்பா செஞ்சது. ஊரில் எது எதெல்லாம் இரும்போ அதெல்லாம் அவள் அப்பா செய்தது. பஸ் ஸ்டாண்டுக் கூரை அப்பா செய்தது, தண்ணீர்த் தொட்டி ஏணி அப்பா செய்தது, பாலம் அப்பா செய்தது. "ரயிலு?" என்று ஒரு பெரிய பையன் மடக்கினான். அவள் கொஞ்சம்தான் யோசித்தாள். "ரயிலும் எங்கப்பாதான். சக்கரம் மட்டும் வேற ஆளு." ஏன்ட்டி, சக்கரத்துக்கு என்ன என்று இவன் கேட்டான். ரகசியம் சொல்கிற மாதிரி இவன் காதுக்கிட்ட வந்து சொன்னாள். அந்த மூச்சு இன்னும் காதுமடலில் இருக்கிறது. அத்தை ஊற்றிய ஒரு குடம் தண்ணீரில்கூட அது போகவில்லை. அக்காவுக்கும் பொன்ராஜுக்கும் இது ஒன்றும் தெரியாது. கேட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் உள்ள சுபியை அவர்கள் பார்த்ததே இல்லை. அந்தத் துண்டு முழுக்க இவனிடம் இருக்கிறது. இவன் அதை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுத்தால், ஆறப் பார்க்கிற புண்ணைக் கீறினதாக ஆகிவிட்டால்? ஆறப் பார்க்கிறது என்று யார் சொன்னது? நீ எட்டிப் பார்த்தாயா?

ரயில் வந்தது. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. வேன் அதிர்ந்தது, பூனை மூஞ்சி அதிர்ந்தது. இன்று காலை புறப்படும்போது செண்பகம் ஒன்று சொன்னாள். இப்போதெல்லாம் அவள் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே ஒரு கை வேண்டியிருக்கிறது. இவன் கையைப் பிடித்து எழுந்து, எழுந்த பிறகும் கையை விடாமல், அம்மா காதில் விழாமல் சொன்னாள். "அந்தக்கா வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்களேன்." "உங்கம்மா கொன்னுருவா." "எங்கம்மா கெடக்கா. நமக்குப் பொறந்த பின்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போவிய? யோசிச்சியளா? இப்பவே போகலன்னா அப்புறம் போகவே முடியாது." பிள்ளை பிறந்த சேதி பஜாரில் பரவும். மிட்டாய் கொடுக்க வேண்டியிருக்கும். சட்டையில் பால் வாசம் அடிக்கும். அந்த வாசத்தோடு அந்தக் கேட்டில் போய் நிற்கிறவன் மனுசனா? நாள் நெருங்கிவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ வலி எடுக்கலாம். ஆனால் இப்போது போனால், வயிற்றில் இருப்பது இன்னும் வெளியே வராத உயிராச்சே, அதைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிற மாதிரிதானே, வாரேன் என்று சொன்ன வாயோடு. போனால் பயம். போகாவிட்டால் பாவம். பயத்துக்கும் பாவத்துக்கும் நடுவில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ரயில் போய்விட்டது. மணி நின்றது. கம்பி மேலே ஏறவில்லை. கொஞ்சம் எழும்பி, முனகி, பாதியில் நின்றுவிட்டது. கேட்காரர் கூண்டிலிருந்து இறங்கி வந்து அதைப் பிடித்து ஆட்டினார், போனில் யாரிடமோ பேசினார், தலையைச் சொறிந்தார். எங்கப்பாட்ட சொன்னா ஒரே அடியில சரி பண்ணிருவாரு என்று இன்ஜின் பெட்டி சொன்னது. "வண்டிய திருப்புங்கண்ணே" என்றார் மோட்டார் சைக்கிள்காரர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "இது இன்னைக்குத் தெறக்குற மாதிரி தெரியல. நந்தவனத் தெரு வழியாப் போயிருங்க."

திருப்பினான். வழிதானே, கடந்து போய்விடலாம், கண்ணை நேரே வைத்துக்கொண்டு போனால் ஒரு நிமிஷம். அடிபம்பு வந்தது. கை தானாக ஒடிக்கப் பார்த்தது, ஒடிக்காமல் பிடித்துக்கொண்டான். எல்லா வீடும் இருக்கிற இடத்தில் இருந்தன. மாவு மில், தையல்காரர் வீடு, எப்போதும் குரைக்கிற நாய், அது இப்போதும் குரைத்தது. வேனைத் தெரிந்துகொண்டு வாலையும் ஆட்டியது. அந்த வீடு வருவதற்கு முன்னால் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று நினைத்தான். கால் என்ன செய்தது என்றால், எந்த இடத்தில் பிரேக் போட்டுப் பழகியிருந்ததோ அந்த இடத்தில் பிரேக்கைப் போட்டது. அன்றைக்கு நாக்கு, இன்றைக்குக் கால். இந்த உடம்பில் எனக்கென்று பேச்சுக் கேட்கிற உறுப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று அவன் நினைத்தான். வேன் கேட்டுக்கு நேரே நின்றது. சரிந்த சூரியன் அப்படியே இருந்தது. மேல்கொண்டி கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. கீழ்க்கொண்டி சாத்தாமல் திறந்து கிடந்தது, துருவேறிச் செம்மண் நிறத்தில். சண்முகக்கனியக்கா முற்றத்துக் கொடியில் சேலையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தவள், உதறின கையோடு நின்றாள். பொன்ராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில், முகம் பூராவும் தாடியாக உட்கார்ந்திருந்தார். கொம்பையா இறங்கினான். என்ன சொல்வது? வந்தவனும் ஒன்றும் சொல்லக் கூடாது, இருக்கிறவர்களும் ஒன்றும் கேட்கக் கூடாது. ஆனால் இது துட்டியா? துட்டி முடிந்து மாசமாகிவிட்டது. இது என்ன வகை வருகை, இதற்கு என்ன முறை, யாரும் சொல்லித் தரவில்லையே.

"வாங்க மாப்ள" என்றார் பொன்ராஜ். மகள் மாமா என்று கூப்பிட்டவனை அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். குரல்தான் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

அக்கா வாங்க என்று சொல்லவில்லை. சேலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவி முடித்த பிறகும் நீவினாள்.

"தெனமும் கேக்கும்" என்றாள். "முக்குல வந்து நிக்கும். ஒரு கதவு சாத்துற சத்தம். பெறகு திரும்பிப் போயிரும். உங்க வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா தம்பி?"

இதை அவன் நினைக்கவே இல்லை. கண்ணைத்தான் மூடிக்கொண்டு போனான், வண்டியின் வாயை மூடத் தோன்றவில்லை.

"மத்தவங்க யாரும் சொல்லிட்டுப் போகல, வரல. அது ஞாயம்" என்றாள் அக்கா. "நீங்க வாரேன்னு சொல்லிட்டுல்ல போனீங்க."

"விடு கனி. வந்த ஆள வெரட்டாத."

"நான் எங்க வெரட்டுதேன்? கேக்கேன்." அவள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அதே பார்வை. அதில் வசவு இருந்தது. வசவு மட்டும் இல்லை. "செண்பகத்துக்கு மாசம் நெறைஞ்சிருக்குமே."

"இந்த வாரத்துல ஆயிரும்க்கா."

"அதான் வரலியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். வேலை, வண்டி ரிப்பேர், அத்தைக்கு முடியவில்லை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "ஆமாக்கா" என்றான். "பயமா இருந்துச்சி."

"ம்" என்றாள். கொடியில் சேலையின் முனையை இழுத்துவிட்டு, "நானும் விட்டுருக்க மாட்டேன்" என்றாள். "எம் புருசன் இப்படி ஒரு வீட்டுக்குப் போறேன்னா, கால உடைச்சிப் போட்டுருப்பேன்." உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கினான். இந்த வீட்டுத் தண்ணீர் என்று அத்தையின் குரல் உள்ளே கத்தியது. குடித்தான். வெறும் தண்ணீர்தான், குளிர்ச்சியாக இருந்தது. குடித்து முடிக்கும் வரைக்கும் தன் வீட்டில் என்ன ஆயிற்றோ, செண்பகம் எழுந்தாளோ விழுந்தாளோ என்று நெஞ்சு ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

"இன்னைக்கு மட்டும் என்ன இந்தப் பக்கம்?" என்றார் பொன்ராஜ், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ரயில்வே கேட்டு மாட்டிக்கிட்டு மச்சான். பாதியில நிக்கி. ஏறவும் மாட்டேங்கு, எறங்கவும் மாட்டேங்கு."

"கிரீஸ் வத்திருக்கும். இல்ல பல்லு தேஞ்சிருக்கும்."

"சுபி இருந்தா, 'எங்கப்பாட்ட சொல்லுங்க'ம்பா" என்று சொல்லிவிட்டான். மறுபடியும் நாக்குதான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அந்தப் பேர் காற்றில் நின்றது. பொன்ராஜின் கை நாற்காலியின் கையைப் பிடித்தது. அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"யாருமே பேரைச் சொல்லுறதில்ல" என்றாள், அவனிடம் இல்லாமல் யாரிடமோ. "அதுங்காங்க, அந்தப் பிள்ளங்காங்க, பாப்பாங்காங்க. பேரு வச்ச பிள்ளதான? என்ன சொல்லுவா தம்பி?"

கொம்பையா நின்றபடியே சொன்னான். முதலில் தடுக்கியது. ரயில்வே கேட்டைச் சொன்னான், பஸ் ஸ்டாண்டுக் கூரையைச் சொன்னான், தண்ணீர்த் தொட்டி ஏணியைச் சொன்னான். ஊரில் உள்ள இரும்பெல்லாம் எங்கப்பா செய்தது என்று இன்ஜின் பெட்டிமேல் நின்று அவள் அறிவிப்பதைச் சொன்னான். பெரிய பையன் மடக்கியதையும், சக்கரம் மட்டும் வேற ஆளு என்று அவள் விட்டுக்கொடுத்ததையும் சொன்னான். பொன்ராஜ் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாய், வெல்டிங் வைக்கும்போது மூடிக்கொள்கிற மாதிரி இறுக மூடியிருந்தது.

"சக்கரத்துக்கு மட்டும் ஏன் வேற ஆளாம்?" என்றார்.

அவன் தயங்கினான். "'எங்கப்பாவுக்கு ரவுண்டு சரியா வராது மாமா, யாருட்டயும் சொல்லிராதீங்க'ன்னா."

பொன்ராஜ் திரும்பிக் கேட்டைப் பார்த்தார். கத்திரிக்காய்ச் சூரியன் வெயிலில் நிழல் போட்டிருந்தது, நிழலும் கோணலாகவே விழுந்திருந்தது. அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிய கொம்பையாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கழுத" என்றார். "கழுத, இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா." சிரித்துக்கொண்டே இருந்தவர் குனிந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா அவர் தலைமேல் கையை வைத்தாள். அவர் அழுததை அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை என்று அந்தக் கை வைத்த விதத்தில் தெரிந்தது. கீறிவிட்டேனா என்று கொம்பையா பயந்தான். கீறித்தான் விட்டான். என்ன செய்வது என்று தெரியாமல் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். போய்விடவும் இல்லை, அழாதீங்க என்று சொல்லவும் இல்லை. நாய் வந்து வேனின் டயரை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. கொடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

அவன் செம்பைக் கொடுத்தபோது அக்கா கேட்டாள், "இன்னும் இருக்கா?"

தண்ணீரைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. "நெறைய இருக்குக்கா. வண்டி கெளம்பணும்னா அவ..."

"வேண்டாம்" என்று கையைக் காட்டினாள். "இன்னைக்கே எல்லாத்தையும் சொல்லித் தீத்துராதீங்க தம்பி."

அவன் கேட்டுக்கு நடந்தான். அவளும் பின்னாலேயே வந்தாள், காலையில் மகளைக் கூட்டி வருகிற அதே தூரம். மேல்கொண்டியைத் தள்ளினான். கால் வெளியே வைத்தது. இந்த முறை நாக்கு சும்மா கிடந்தது. தானாக உருண்டு விழுகிற சொல், ஆணியடித்த மாதிரி அடித்தொண்டையில் நின்றது. செண்பகத்தின் வயிறு தெரிந்தது, டுப் டுப் டுப் என்று குதிரை ஓடியது, மூலையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஒருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியும் இருந்தது. சொல்லாமலும் போகலாம். யாரும் கேட்கப் போவதில்லை. அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன்க்கா" என்றான். நாக்கு சொல்லவில்லை, அவன் சொன்னான்.

அவள் உதடு அசைந்தது. இந்த முறை நன்றாகவே பார்த்தான். "சரி தம்பி. பாத்து."

வேனில் ஏறி இன்ஜினைக் கிளப்பினான். பயமும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது, இறங்கச் சொன்னால் இறங்குகிற பயமா அது. வீட்டுக்குப் போய் அத்தையின் குடத்துக்குத் தலையைக் கொடுக்க வேண்டும், செண்பகத்தின் வயிற்றில் காதை வைத்துக் கேட்க வேண்டும். கால் வழக்கம்போலக் கிளட்சை மிதித்துக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டுக்காகக் காத்து நின்றது. யாரும் தட்டவில்லை. அந்த ரைட் கதையை அடுத்த தடவை அக்காவிடம் சொல்ல வேண்டும். கியரைப் போட்டு மெல்ல நகர்த்தினான். பின்னால் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மேல்கொண்டியின் சத்தம் அவனுக்குத் தெரியும், இது அது இல்லை. யாரோ குனிந்து, துரு உரச உரச, கீழ்க்கொண்டியைத் தள்ளுகிற சத்தம்.